அலகுகள் காட்டிய இடம்

கொய்யாப்பழம் கிளையிலேயே பழுத்து வெடித்திருந்தது. அதைச் சுற்றி அத்தனை பறவைகள் உட்கார்ந்திருந்தும் ஒன்றுகூடப் பழத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் படத்தை எடுத்து, பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது செல்வப்பிரியாவுக்கு இது தோன்றவில்லை. இரண்டு கொண்டைக்குருவிகள், ஒரு கரிச்சான், ஒரு மைனா, கிளை முழுக்கத் தவிட்டுக்குருவிகள், எல்லாம் ஒரே படத்தில் விழுந்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. மறுநாள் காலை ஷமீனா போன் செய்தார். பாலக்காடு டவுனில் துணிக்கடை வைத்திருப்பவர். குழுவில் யார் படம் போட்டாலும் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிடுவார்.

"மோளே, உன் படத்துல ஒருத்தரும் திங்கலியே, பாத்தியா? கல்யாணத்துல போட்டோக்காரன் கூப்பிட்ட மாதிரி எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கு."

"காத்துக்கு அப்படி உக்காந்திருக்குமோ என்னமோங்க்கா."

"காத்து கெழக்கேருந்துல்ல அடிக்குது? அப்ப கெழக்க பாத்துத்தான் உக்காரும். இது உன் வீட்டயில்ல பாக்குது. ஆந்தையோ பாம்போ எங்கயோ இருக்கு, தேடு. பேடிக்காத, பயப்பட ஒண்ணுமில்ல. பிள்ளைய மட்டும் கீழ விடாத."

ஷமீனா சொன்னது பறவை பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பகலில் ஓர் ஆந்தையோ பாம்போ பதுங்கியிருப்பதைக் கண்டால் சிறு பறவைகள் ஓடிவிடுவதில்லை. இன வேறுபாடு பார்க்காமல் கூடி, அதைச் சூழ்ந்துகொண்டு கத்தும். மறைந்திருந்து பிடிக்கிற பிராணிக்கு மறைவுதான் பலம். 'இதோ இங்கே இருக்கிறது' என்று ஊரே கூவிவிட்டால் அதற்கு அங்கே வேலையில்லை. இதை வைத்தே பகலில் ஆந்தையைக் கண்டுபிடிப்பார்கள். ஒவ்வோர் அலகும் ஓர் அம்பு. ஒரு மரத்திலிருந்து ஒரு கோடு, இன்னொரு மரத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஆந்தை இருக்கும்.

செல்வப்பிரியா அந்த வாரத்துப் படங்களை எல்லாம் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, வாசல் மண்ணில் குச்சியால் வீட்டையும் மரங்களையும் வரைந்து, அலகுகள் காட்டிய பக்கமெல்லாம் கோடு இழுத்தாள். செவ்வாய்க்கிழமைக் கோடுகள் ஊஞ்சலில் வெட்டிக்கொண்டன. வியாழக்கிழமைக் கோடுகள் தண்ணீர்த் தொட்டியருகே. வெள்ளிக்கிழமைக் கோடுகள் வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே, படுக்கையறையில். ஊஞ்சலிலும் தொட்டியருகிலும் அந்தந்த நேரத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள் அவள் மகள் கௌசிகா. வெள்ளிக்கிழமை காலை அவள் அந்த அறையில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். நான்கு வயது.

குச்சி கையிலிருந்து விழுந்தது. காற்று அந்தப் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு போனது.

பாம்பு என்றதும் அவள் கணவன் சிவப்பிரகாஷ் டார்ச்சை எடுத்தான். கட்டிலுக்கு அடியில், ஓட்டு இடுக்கில், தேங்காய் மட்டைக் குவியலில், குளியலறைக் குழாய் ஓட்டையில் எல்லாம் அடித்துப் பார்த்தான்.

"ஒரு தவக்களதான் இருக்குது. அதையும் ஒரு போட்டோ எடுத்துக் குரூப்புல போடு."

"வெளையாடாதீங்க. குருவி பொய் சொல்லாதுங்க."

"குருவிக்கென்ன, அது பாட்டுக்குக் கத்தும். நாம பொழுதுக்கும் அதையே பாத்துட்டிருந்தா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு, தேங்காய் லோடோடு பொள்ளாச்சிக்குக் கிளம்பினான். அவன் திரும்ப ராத்திரி ஆகும்.

பிற்பகல் முழுக்கக் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் மார்கழியில் நுழைகிற அந்தக் காய்ந்த காற்று பனைமரங்களில் தொங்கிய பழைய மட்டைகளை மரத்தோடு தேய்த்து, யாரோ நீளமான பாயைத் தரையில் இழுத்துக்கொண்டே நடப்பது போல ஓயாத ஒரு சத்தத்தை எழுப்பிக்கொண்டிருந்தது. அழுகிய கொய்யாவின் இனிப்பு வாடை வந்து வந்து போனது. செல்வப்பிரியாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பை அணைத்தாளா என்று பார்த்தாள். மறுபடி பார்த்தாள். வாசலுக்கு வந்தபோது, எப்படியோ கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வெளியே வந்திருந்த கௌசிகா தொட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு எதிரே மின்கம்பியில் பறவைகள் வரிசையாக அமர்ந்து கத்திக்கொண்டிருந்தன.

குழந்தை ஓட ஓடத் தலைகள் திரும்பின.

ஆனால் குழந்தையோடு சேர்ந்து திரும்பவில்லை. அவள் தொட்டியைத் தாண்டிய பிறகுதான் அலகுகள் தொட்டிக்கு வந்தன. அவள் துளசிச் செடியைத் தாண்டிய பிறகுதான் செடிக்கு வந்தன. அவள் நின்றாள். அலகுகள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து வந்து, அவளுக்குப் பின்னால் இரண்டு முழம் தள்ளி நின்றன.

அங்கே வெறும் மண். காற்று அள்ளி வந்த புழுதி அந்த இடத்தில் மட்டும் இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போனது.

"அம்மா, குருவி ஏன் என்னைய வையுது?"

"உன்னைய வையல சாமி. ஓடி வா. பின்னால பாக்காத."

"பின்னால என்னம்மா?"

"ஓடி வா அம்மிணி!"

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குழந்தையைப் படுக்கையறைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுக் கூடத்து ஜன்னலுக்கு வந்தாள். கம்பியில் இருந்த பறவைகள் அத்தனையும் சாத்திய கதவையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. கதவை. அது வெளியே நிற்கிறது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. படம் எடுத்து ஷமீனாவுக்கு அனுப்பினாள். 'வெளியிலயே நிக்குதுங்க்கா. கதவச் சாத்திட்டேன்.'

உடனே குரல் பதிவு வந்தது. பின்னணியில் துணி கிழிக்கும் சத்தம்.

"மோளே, ஒரு பக்கத்துப் படம் பத்தாது. கோடு கதவோட நின்னுருமா? கதவத் தாண்டி உள்ளயும் போகும்ல. கெழக்குப் பக்கத்துலேருந்து ஒண்ணு எடு."

உண்மைதான். ஒரு கோடு திசையைத்தான் சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது.

கூடத்தின் கிழக்கு ஜன்னலுக்குப் போனாள். வெளியே கொய்யா மரம், இலை தெரியாமல் பறவைகள். அது வாசலில் நின்றிருந்தால் அவை அவளுடைய இடப்பக்கம், வாசல் மூலையைப் பார்த்திருக்க வேண்டும்.

அவை ஜன்னலைப் பார்த்தன. நேராக. அவளையா?

இல்லை. அவளுடைய இடது தோளுக்கு மேலே. அவளுக்குப் பின்னால்.

கூடத்தில் பழைய தலையணைப் பஞ்சின் வாடை அடித்தது. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

சட்டென்று எல்லாப் பறவைகளும் வாயை மூடின.

ஆந்தை உட்கார்ந்திருக்கும் வரைதான் கத்தல். அது அசைந்தால், கிளம்பினால், சிறு பறவைகள் ஒடுங்கிக் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொள்ளும். கண் மட்டும் அதன் மேலேயே இருக்கும்.

அலகுகள் நகரத் தொடங்கின. எல்லாம் ஒன்றாக. மெதுவாக. இடது தோள். அவள் முதுகு. பிடரியில் ஒரு சின்னக் காற்று. வலது தோள். இன்னும் வலப்பக்கம்.

படுக்கையறைப் பக்கம்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"கௌசி!"

ஓடினாள். கதவருகே கால் நின்றுவிட்டது.

குழந்தை நடுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே மெத்தை அமுங்கியிருந்தது, பெரியதாக ஏதோ வந்து அமர்ந்தது போல. அங்கே எதுவும் இல்லை. கண் திறக்காத குஞ்சுகளுக்குத் தாயைத் தெரியாது. கூடு ஆடினால் போதும். தாய் இரையோடு வந்துவிட்டது என்று கழுத்தை நீட்டி வாயைப் பிளக்கும்.

கௌசிகா கண்களை மூடியிருந்தாள். கழுத்து மேல்நோக்கி நீண்டிருந்தது. வாய், இவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று செல்வப்பிரியா நினைத்தே பார்த்திராத அளவுக்கு, திறந்திருந்தது.

எதையோ விழுங்கியது போலத் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

வாய் மறுபடியும் திறந்தது.