அடியில் தேடிய கண்

'தொழில் கூட்டாளி நீச்சல் குளத்துல பிணமாக் கிடந்து முழுசா ஒரு நாள்கூட ஆகல... இந்த மனுஷன் சென்ட் அடிச்சுக்கிட்டு வந்திருக்காரே!'

நினைத்ததை விழுங்கிக்கொண்டு அவள் நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க அத்தான்."

அக்காவின் கணவர் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்வது அவள் தொழில். மேஜையில் மெழுகு அச்சுகள். பாதி வரைந்த கருவிழிகள். பழுப்பு, கறுப்பு, சாம்பல்... அத்தனையும் அவரையே முறைத்தன!

"எனக்கு இன்னொரு கண் வேணும். சாயங்காலத்துக்குள்ள."

"போன மாசம்தானே புதுசு செஞ்சேன்? பழசு கனமா இருக்கு, கீழ் இமை தொங்குதுன்னு புலம்பினீங்களே?"

"தொலைஞ்சு போச்சு."

"எங்க?"

"வீட்டு பாத் டப்ல. குளிக்கறப்ப நழுவிடுச்சு."

"தண்ணியிலயா?"

"ஆமாம்மா! டுபுக்குனு மூழ்கிடுச்சு. அடியில தடவித் தடவிப் பார்த்தேன்... கிடைக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கூச்சமும். இந்த ஆளுக்கா இத்தனை வருடம் எழுந்து நின்று மரியாதை கொடுத்தோம்?

"தினமும் அதைக் கழுவி மாட்டிவிடறது யாரு அத்தான்?"

"உன் அக்காதான். அவளுக்கு வேற என்ன வேலை?"

"ஒரே ஒரு தடவை நீங்களே கழுவியிருந்தா இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டீங்க."

"என்ன உளர்றே?"

"கனம் குறையணும்னு உள்ள காலியா விட்டுச் செஞ்ச கண்ணு அது. உள்ள வெறும் காத்து. மூழ்காது... மிதக்கும்!"

அவர் முகம் வெளுத்தது.

"கூட்டாளியைத் தண்ணியில அமுக்கினப்ப விழுந்திருக்கு. நீங்க இருட்டுல குளத்தோட அடியில துழாவிக்கிட்டிருந்தீங்க. அதுவோ தண்ணிக்கு மேல உல்லாசமா சுத்திக்கிட்டிருந்தது. காலையில போலீஸ் எடுத்துட்டு வந்து, யாரோடதுன்னு என்கிட்ட கேட்டாங்க."

அவர் குரல் தாழ்ந்தது.

"இதோ பாரு... அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடு. என் கண் என்கிட்டயே இருக்குன்னு காட்டிடறேன். நான் உள்ள போனா நடுத்தெருவுல நிக்கப் போறது உன் அக்கா! அவ தாங்குவாளா?"

கேள்வி அவளைக் குத்தியது. அவள் பயந்ததும் அதற்குத்தான்... காலைவரை.

"அவகிட்டயே கேட்டுக்குங்க."

உள்ளறைக் கதவு திறந்தது.

அக்கா! பின்னால் இன்ஸ்பெக்டர்!

"இவ என்னைக் கூப்பிட்டுக் கேட்டா. நான்தான் அடையாளம் சொன்னேன்," என்றாள் அக்கா. "ராத்திரி ஈரச் சட்டையோட வந்து மழைன்னீங்க. வாசல்ல புழுதி பறந்துக்கிட்டிருந்துச்சு! என்னை அவ்வளவு மக்குன்னா நெனச்சீங்க?"

விலங்கு மாட்டும்போது கறுப்புக் கண்ணாடி கழன்று விழுந்தது. இடது பக்கம் வெறும் குழி.

"கோர்ட்ல நாலு பேர் முன்னால இப்படியேவா நிக்கறது? வேற ஒண்ணாவது செஞ்சு குடும்மா..."

அவள் தூரிகையைத் துடைத்து வைத்தாள்.

"மாட்டேன் அத்தான்," என்றாள் மெதுவாக. "ஜெயில் சுவத்தைப் பார்க்க ஒரு கண்ணே தாராளம்!"