இலையின் அடிப்பக்கம்

"நிழல் விழுது ஜஹானா. கொஞ்சம் தள்ளுங்க."

ஸிபான் அவளிடம் கடைசியாக அலுத்துக்கொண்டது அன்றுதான். பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையோரம் பூக்காத பெரணி இனத்துப் பன்னம் ஒன்று ஆளுயரத்துக்கு நின்றது. அதன் இலையின் அடிப்பக்கத்தில் வரிவரியாக இருந்த வித்துப் பொட்டுகளை வெயிலில் படம்பிடிக்க வேண்டுமென்று அவன் பல நாளாகக் காத்திருந்தான். ஃபிளாஷ் அவனுக்கு ஆகாது. இடப்பக்கம் தாழ்வாக ஒரு வெள்ளை ரெஜிபோம் நுரை அட்டையைப் பிடித்தால் மேலிருந்து வரும் வெயில் அதில் பட்டு இலையின் அடியில் ஏறும். பிடிப்பது ஜஹானா. கை கடுத்தால் இலையில் வெளிச்சமும் நடுங்கும்.

"ஆடாமப் பிடிக்க ஏலாதா?"

"அப்ப ஒரு ஸ்டாண்டை நிக்காஹ் பண்ணியீக்கலாமே நீங்க."

அவன் சிரித்து முடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது. படம் கிடைக்கவில்லை. நனையாமலிருக்கக் கெமராவை அவளிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்பினான். அட்டையை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஹுன்னஸ்கிரியவில் மாமியைப் பார்க்கப் போனான்.

வழியில் மலை சரிந்தது.

தோண்டி எடுத்தபோது முகத்தில் அடையாளம் இருக்கவில்லை. கிரிக்கெட்டில் முறிந்து வெளிப்பக்கம் வளைந்துபோன வலது சுண்டுவிரலை வைத்துத்தான் மையித்து அவனுடையது என்றார்கள். அட்டை கிடைக்கவில்லை. அதை யார் தேடப் போகிறார்கள்?

நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்த இத்தா முடிந்த மறுநாள் காலையிலேயே ஜஹானா கெமராவைத் தோளில் மாட்டினாள். ஸிபானை நானா என்றழைக்கும் அவன் தங்கை பஸ்லினா வாசலை மறித்தாள்.

"தனியவா போறீங்க மதினி? நானா நின்ன எடம். போய் அழப்போறீங்க."

"அழ வீடு ஈக்கி. அங்க போறது வேலைக்கி. அந்தப் படத்த எடுக்காம உட மாட்டேன்."

பூங்காவில் முதல்நாள் மழையின் ஈரம் காயவில்லை. உயரக் கிளைகளில் தொங்கிய வௌவால்கள் ஓயாமல் கீச்சிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, மூங்கில் தண்டுகள் காற்றில் ஒன்றோடொன்று உரசி முனகின, அவற்றுக்கு அப்பால் ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. பன்னம் அங்கேயே நின்றது. அட்டை இல்லாமல் இருட்டாகத்தான் வரும், வரட்டும் என்று மண்டியிட்டு லென்ஸ் வழியே பார்த்தாள்.

இலையின் அடிப்பக்கம் வெளிச்சமாக இருந்தது.

தலையை நிமிர்த்தினாள். இடப்பக்கம் யாருமில்லை. கறுத்த ஈரமண் ஆற்றை நோக்கிச் சரிந்து கிடந்தது. கறுத்த மண் வெளிச்சத்தைத் திருப்பித் தராது என்பது அவளுக்குத் தெரியும். எத்தனை காலை அட்டை பிடித்த கை. ஒரு அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். வெளிச்சம் போகவில்லை. மெல்ல நடுங்கியது, யாருக்கோ கை கடுப்பதுபோல.

வௌவால்கள் எப்போது ஓய்ந்தன என்று தெரியவில்லை. மூங்கிலும் முனகவில்லை. புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை வந்தது. ஆற்று மண்ணல்ல. அந்த வாடையை அவள் ஒரே ஒருமுறைதான் முகர்ந்திருக்கிறாள், மையித்தைச் சுற்றிய துணியில்.

ஓடு என்றது உடம்பு.

ஏன் ஓட வேண்டும்? மலை அவனை எடுத்தது. இந்த இலையையும் கொடுத்துவிட்டுப் போவதா? முழங்காலை ஈரமண்ணில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

இலையின் ஓரத்தில் ஒரு நிழல் ஏறியது. பிறகு இன்னொன்று. நான்கு விரல்கள். கடைசி விரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

நிழல் பொட்டுகளை மறைத்தது.

"நிழல் விழுது." குரல் உடைந்தது. விடாமல் மறுபடி சொன்னாள். "நிழல் விழுது. தள்ளுங்க."

விரல்கள் விலகின.

அழுத்தினாள். படம் விழுந்தது. பொட்டுகள் வரிவரியாகப் பொன்னாய் எரிந்தன. அவன் கேட்ட படம்.

வெளிச்சம் இலையைவிட்டு இறங்கியது. அவள் மணிக்கட்டில் ஏறியது. முழங்கையில். கழுத்தில். குளிர்ந்த வெளிச்சம். இடது காதுக்குப் பக்கத்தில் சேறு சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று.

கெமராவின் சிறு திரை அணைந்து கறுத்தது. அதில் அவள் முகம். முகத்தின் அருகே வெள்ளை விளிம்பு. விளிம்பைப் பற்றிய விரல்கள். நகக்கண் நிறைய மண்.

அவள் திரும்பவில்லை. கெமராவை உயர்த்தினாள்.

"ஆடாமப் பிடிங்க. இன்னொண்டு எடுக்கணும்."

ஹுன்னஸ்கிரியச் சரிவிலிருந்து அந்த அட்டையை இன்றுவரை யாரும் தோண்டி எடுக்கவில்லை.