கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய கார்

எங்கள் கார் மூன்று நாள் ஓடியது. மூன்று நாள் என்று சொல்வதுகூடக் கௌரவத்துக்காகத்தான். உண்மையில் இரண்டரை நாள்.

என்னை வீட்டில் நச்சு என்று கூப்பிடுவார்கள். ஓயாமல் கேள்வி கேட்டு நச்சரிக்கிறேனாம், அதன் சுருக்கம். அந்தச் சொல்லுக்கு விஷம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "அதுவும் சரியாத்தான் இருக்கு" என்றார் அம்மா. எனக்குப் பதினொரு வயது. தம்பி குண்டூசிக்கு ஆறு. அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்பது அவனைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் தையல்கடை. அப்பா துணி வெட்டித் தைப்பார். அம்மா காஜா எடுத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு, கொடுக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். இந்த வருடம்தான் முதல்முறையாக இரண்டு பள்ளிகள் எங்களைச் சீருடை தைக்கச் சொல்லியிருந்தன. மொத்தம் நானூறு ஜோடி. மூன்று மாதமாக வீட்டில் மிஷின் சத்தம் ஓயவில்லை.

பள்ளி திறப்பதற்குள் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வேலை கடைவீதியில் இருக்கும் பெரிய துணிக்கடைக்குப் போய்விடும். அப்புறம் அடுத்த வருடமும் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதற்குத்தான் கார். சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு, இரண்டாவது மிஷினையும் விற்று, ஒரு பழைய கார் வாங்குவதென்று முடிவாயிற்று.

அம்மா நன்றாக ஓட்டுவார். அப்பாவுக்கு ஓட்ட வராது. மூன்று முறை லைசென்ஸ் தேர்வுக்குப் போய் மூன்று முறையும் எதையாவது இடித்துவிட்டு வந்தவர். கடைசியாக இடித்தது தேர்வு அதிகாரியின் நாற்காலியை. நல்லவேளை, அவர் அப்போது அதில் உட்கார்ந்திருக்கவில்லை.

பழைய கார் விற்கும் கடைக்காரருக்கு நானும் குண்டூசியும் சர்க்கரை என்று பெயர் வைத்திருந்தோம். அவர் பேச்சு அப்படி. அம்மா ஒருநாள் போய்ச் சாம்பல்நிறக் கார் ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து ஓட்டிப் பார்க்கறேன், அப்புறம் சொல்றேன்" என்று வந்துவிட்டார்.

சர்க்கரை ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானமே அப்பாவுக்குப் போன் செய்தார்.

"சார், வேற ஒரு பார்ட்டி முன்பணத்தோட வந்து உக்காந்திருக்காங்க. உங்களுக்காகத்தான் நாலு மணி வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கேன். நம்ம வீட்டு வண்டி மாதிரி சார். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போகலாம்."

அம்மா அளவு சரிபார்க்கப் பள்ளிக்குப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை. அப்பா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடினார். போன அவசரத்தில் அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. படிக்கும் கண்ணாடியோ வீட்டில் மிஷின்மேல் உட்கார்ந்திருந்தது.

கடையில் வேறு எந்தப் பார்ட்டியும் இல்லை. "இப்பத்தான் வெளியே போனாங்க" என்றார் சர்க்கரை.

கார் பளபளவென்று இருந்தது. உள்ளே எலுமிச்சை வாசனை ஆளைத் தூக்கியது. நான் பின்சீட்டில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். பொத்தானை அழுத்தினால் போதும், தானே ஏறும். அப்படி ஒன்றை நான் அதுவரை தொட்டதில்லை.

அப்போதுதான் அப்பா ஒரு காகிதத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். "நச்சு, கண்ணாடி கொண்டாரலை. இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிம்மா."

பொடிப்பொடியாக ஒரு பக்கம் முழுக்க எழுத்து. நான் முதல் இரண்டு வரியைப் பார்த்தேன். அப்பா பேர் இருந்தது. கார் நம்பர் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை மறுபடி இறக்கினேன்.

அப்பா பணத்தைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டார். காகிதத்தைச் சர்க்கரையே வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அவரே காரை ஓட்டிவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார். அம்மாவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கார் ஒழுங்காக ஓடியதால் அது கொஞ்சம் தணிந்தது.

திங்கட்கிழமை காலை முதல் பள்ளிக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பாதி வழியில் கார் ஒருமுறை இருமியது. விளக்குகள் தாமாக எரிந்து அணைந்தன. நாற்சந்தியின் நடுவில் நின்றே விட்டது. பின்னால் இருந்த அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன. குண்டூசி காதைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் அண்ணன் வந்து தள்ளிக்கொண்டு போனார். என்ஜினை அவர் திறக்கவே இல்லை. முதலில் முன்சீட்டு பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதி வெளியே வந்தது. அதில் பழுப்பாக ஒரு கறை.

"பாத்தீங்களாக்கா? சேறு. இதுவரைக்கும் தண்ணி ஏறியிருக்கு." தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் மண் காய்ந்து கிடந்தது. சீட்டு ஆணிகள் எல்லாம் துரு. "வெள்ளத்துல முங்கின வண்டி. வெளியே பெயின்ட் அடிச்சு, உள்ளே சென்ட்டு அடிச்சு, உங்க தலையில கட்டிட்டாங்க."

"சரி பண்ண முடியாதா தம்பி?" என்று கேட்டார் அம்மா.

"வயரெல்லாம் அரிச்சுப் போச்சு. இன்னைக்கு ஒண்ணை மாத்தினா நாளைக்கு இன்னொண்ணு போகும். பிரேக் எப்ப பிடிக்கும், எப்ப பிடிக்காதுன்னு எனக்கே தெரியாது. பிள்ளைங்களை இதுல ஏத்தாதீங்க." அம்மா கேட்டதும் அதையெல்லாம் ஒரு துண்டுச்சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் சர்க்கரையின் கடைக்குப் போனார்கள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். அன்று சர்க்கரையிடம் சர்க்கரையே இல்லையாம். "எல்லாத்துக்கும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப வந்து பேசினா என்ன அர்த்தம்?" என்று கேட்டாராம். காகிதத்தைக் கண்ணில்கூடக் காட்டவில்லை.

அம்மா அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "படிச்சுப் பாக்காமலா போட்டீங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தான்" என்றார்.

என் பேரைச் சொல்லவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பற்றிக் கேள்வி கேட்கிறவள், கேட்க வேண்டிய ஒரே நாளில் ஜன்னல் கண்ணாடியோடு விளையாடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் அம்மா திட்ட ஆரம்பித்தால் நடுவில் மூச்சுவிட்டுக்கொண்டு மறுபடி தொடர்வார். அந்த அம்மா "சாப்பிடு", "படு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அப்பா மிஷினில் உட்கார்வார், தைக்கமாட்டார். வாடகை வண்டிக்குக்கூடக் கையில் காசு இல்லாமல், முன்னறையில் மூட்டைகள் கூரை வரை நின்றன.

புதன்கிழமை முதல் பள்ளியிலிருந்து போன் வந்தது. சொன்ன நாளில் வரவில்லை என்பதால் பெரிய கடையிலேயே வாங்கிக்கொண்டார்களாம். அந்தப் பள்ளியின் முத்திரை தைத்த நூற்றைம்பது சட்டைகளை இனி வேறு யாரும் போட முடியாது. குண்டூசி வேண்டுமானால் ஒன்று போடலாம். அவனுக்கும் அது தொளதொள என்று இருக்கும்.

"ரெண்டாவது ஸ்கூலும் போயிட்டா கடையை மூடிட வேண்டியதுதான்" என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். அன்று நான் போர்வைக்குள் அழுதேன்.

வியாழக்கிழமை, பொருள் வாங்கி ஏமாந்தவர்களின் புகாரைக் கேட்கும் அலுவலகத்துக்குப் போனோம். வீட்டில் விட ஆளில்லாததால் நானும் குண்டூசியும் கூடவே. பச்சைத் திரைச்சீலை போட்ட அறையில் பெண் அலுவலர் ஒருவர் இருந்தார். எங்கள் புகாரைப் படித்தார், மெக்கானிக் அண்ணனின் சீட்டையும் படித்தார். பிறகு சர்க்கரையை வரச்சொல்லிப் போன் செய்தார். கடை பக்கத்துத் தெருதான். அவர் பத்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மேடம், நான் எதையும் மறைக்கலை. சாரே பாத்து, திருப்தியா எடுத்துக்கிட்டாரு. இந்தாங்க கையெழுத்து." அந்தக் காகிதம் மேசைமேல் வந்தது.

அலுவலர் மேலோட்டமாகப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ஆமாங்க."

"இப்படி எழுதிக் கொடுத்துட்டு வந்தா கஷ்டம்தாங்க. எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்து எடுத்துக்கிட்டேன்னு நீங்களே சொல்றீங்களே."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்பா எழுந்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்கும் தெரிந்தது. ஆனாலும் அந்தக் காகிதம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அன்று படிக்காததை இன்றாவது படித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. படித்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது.

"மேடம், நான் ஒரு தடவை படிச்சுப் பாக்கலாமா?"

"குழந்தைக்கு எதுக்குங்க இதெல்லாம்" என்றார் சர்க்கரை.

"படிக்கட்டும்" என்றார் அலுவலர்.

ஒரு வரி விடாமல் விரல் வைத்துப் படித்தேன். ஏழாவது வரியில் விரல் நின்றது. இன்னொரு முறை படித்தேன். சந்தேகம் வந்தால் நான் என்ன செய்வேன்? கேள்விதான் கேட்பேன்.

"அங்கிள், இந்தக் காரை யாரு ஓட்டிப் பாத்தாங்க?"

"உங்கப்பாதான் பாப்பா."

"எவ்வளவு தூரம் ஓட்டினாரு?"

"நம்ம கடையிலிருந்து மேம்பாலம் வரைக்கும் போயிட்டு வந்தாரு. சும்மா சொல்லக்கூடாது மேடம், சார் நல்லா ஓட்டுவாரு."

அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

நான் ஏழாவது வரியைச் சத்தமாகப் படித்தேன். "மேற்படி வண்டியை நானே சாலையில் ஓட்டிப் பார்த்து, அதன் நிலையை முழுவதும் அறிந்து, மனத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்."

"அதுல என்னம்மா?" என்றார் அலுவலர்.

"எங்கப்பாவுக்குக் கார் ஓட்டவே தெரியாது மேடம்."

அலுவலர் அப்பா பக்கம் திரும்பினார்.

"லைசென்ஸ் இருக்கா உங்களுக்கு?"

"இல்லைங்க." அப்பா நெளிந்தார். "மூணு தடவை போனேன். மூணு தடவையும் ஃபெயிலுங்க. அந்த ஆபீஸ்ல கேட்டா நாற்காலிக் கதையே சொல்லுவாங்க."

"அப்ப வண்டி வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"இந்த மாமாதான் ஓட்டிட்டு வந்தாரு" என்றான் குண்டூசி. "நான் முன்னாடி சீட்ல உக்காந்தேன். ஹாரன் அடிக்கக் கேட்டேன், வேணாம்னுட்டாரு."

அலுவலர் பேனாவை மூடி வைத்தார். சர்க்கரையைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"ஓட்டத் தெரியாதவர் ஓட்டிப் பாத்தார்னு முன்னாடியே அச்சடிச்சு வச்சுக் கையெழுத்து வாங்கியிருக்கீங்க. இப்ப என் முன்னாடியே மேம்பாலம் வரைக்கும் போனார்னும் சொல்றீங்க. தண்ணியில முங்கினதை மட்டும் உண்மையாச் சொல்லியிருப்பீங்கன்னு நான் எப்படி நம்பறது? வண்டியை எடுத்துக்கிட்டு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கறீங்களா, இல்லை வழக்குப் போடச் சொல்லட்டுமா?"

சர்க்கரை மழுப்பினார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கடைசியில் சம்மதித்து எழுதிக் கொடுத்தார். இந்தமுறை அதை நான் முழுவதும் படித்த பிறகுதான் அப்பா வாங்கி மடித்தார்.

சனிக்கிழமை பணம் வந்தது, கார் போனது. ஆனால் முதல் பள்ளி திரும்ப வரவில்லை. நூற்றைம்பது சட்டைகளும் பரண்மேல் ஏறின. இரண்டாவது பள்ளிக்கு இன்னும் நேரம் இருந்தது. வாடகை வண்டி அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. தலைக்கொரு மூட்டையாகப் பஸ்ஸில் கொண்டுபோவதென்று கிளம்பினோம். ஐந்து தடவையாவது போய்வர வேண்டியிருக்கும்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம். அம்மா இன்னும் முகம் கொடுக்காமல், எதிரில் இருந்த வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, அன்னைக்கு அப்பா கண்ணாடி கொண்டுவரலை. என்னைத்தான் படிக்கச் சொன்னாரு. நான் படிக்காமலே எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"ஏங்க, இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

அப்பா மூட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "திட்டு வாங்க ஒரு ஆள் போதுமேன்னு விட்டுட்டேன்."

அம்மா மூட்டையைக் கீழே வைத்தார். இடுப்பில் கையை வைத்தார். பிறகு ஆரம்பித்தார். கண்ணாடியை மறந்த அப்பாவை, ஜன்னலோடு விளையாடிய என்னை, இருவரும் சேர்ந்து தன்னிடம் மறைத்ததை, நடுவில் சிரித்த குண்டூசியை, எதையும் விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடர்ந்தார்.

பஸ் வரும்வரை நானும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நிம்மதியாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தோம்.