பொய்யாய்க் கூவிய கதவு

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள். கொட்டாவி வந்தால் தாராளமாக விடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஒரு களவுக் கதை. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. துப்பு எல்லாவற்றையும் உங்கள் கண் முன்னால் பரப்பி வைப்பேன், ஒன்றையும் மடியில் ஒளிக்க மாட்டேன். முடிந்தவர்கள் எனக்கு முன்னால் கண்டுபிடியுங்கள்.

வியாழக்கிழமை. காலை பத்து நாற்பது.

மின்சுவிட்சுக்குள் வைக்கிற வெள்ளிப் பொட்டு செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. ஒரு பொட்டு பருப்பளவுதான் இருக்கும். மாதக் கணக்குப் பார்க்கிற நாள் என்று முதலாளி அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவைச் சரித்தார். மேலே ஒரு விரற்கடை வெள்ளி. அதற்குக் கீழே முழுக்க இரும்பு வாஷர். அடுத்த டப்பாவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

அந்தக் கட்டடத்துக்கு வாசல் ஒன்றுதான். வாசலில் மெட்டல் டிடெக்டர் கதவு நின்றது. மாலை ஐந்தரைக்கு அதை உயிர்ப்பிப்பார்கள். வேலை முடிந்தவர்கள் ஒவ்வொருவராக அதற்குள் நுழைந்து வெளியே போகவேண்டும். யாரிடமாவது உலோகம் இருந்தால் கூவும். எவ்வளவு சின்னப் பொருளுக்குக் கூவ வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு, அதை சென்சிட்டிவிட்டி என்பார்கள். எண் ஏறினால் குண்டூசிக்கும் கத்தும். இறங்கினால் கடப்பாறைக்கும் தூங்கும். எண்பதில் வைப்பது வழக்கம். மாற்றுவதற்கான ரகசிய எண் முதலாளிக்கும் வாசக்காரருக்கும் மட்டுமே தெரியும்.

வாசக்காரர் என்றால் அந்தக் கதவைக் காக்கிறவர். மனைவி போய்ப் பதினொரு வருஷம். பிள்ளைகள் இல்லை. ஒற்றை நாற்காலி போட்ட கூண்டறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். விடுமுறை நாளில்கூட வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

முதலாளி ஓடிப்போய்க் கதவின் எண்ணைப் பார்த்தார். முப்பது.

அலமாரிச் சாவியும் வாசக்காரர் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. வேறென்ன வேண்டும்?

பதினொன்று இருபது. கதவைப் பராமரிக்கிற மீட்டரம்மா வந்து இறங்கினாள். ஐம்பது வயதுக்காரி. தோளில் கருவிப்பை, கையில் மீட்டர். அதனால்தான் அந்தப் பெயர்.

"கதவு நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும் எழுதிக் குடுங்க," என்றார் முதலாளி. "அஞ்சரைக்குப் போலீஸைக் கூப்பிடப் போறேன்."

"யாரு மேல?"

முதலாளி கூண்டறையைப் பார்த்தார். வாசக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மீட்டரம்மா அவர் எதிரே குந்தினாள்.

"எண்ணைக் குறைச்சது யாரு அண்ணே?"

"நான்தான்."

"ஏன்?"

"கதவு பொய்யா கூவுச்சும்மா. மூணு வாரத்துக்கு முன்னால ஆரம்பிச்சது. பொத்தானைக் கழட்டச் சொல்றேன், பெல்ட்டக் கழட்டச் சொல்றேன், அப்பவும் கூவுது. ஜனங்க பஸ்ஸ விட்டுட்டு என்னைத் திட்டுறாங்க. ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் குறைச்சேன்."

"யாராவது குறைக்கச் சொன்னாங்களா?"

வாசக்காரர் தொப்பியின் விளிம்பைத் தடவினார். "நானேதான்."

பின்னாலிருந்து முதலாளி குறுக்கிட்டார். "கேட்டீங்களா கதையை? காலையில நானே எண்பதுக்கு ஏத்தி, வெறும் ஆளா நாலு தடவ நடந்தேன். ஒரு சத்தம் இல்ல. இவரே நூறுக்கு ஏத்திக் கத்த விட்டுருக்காரு. அப்புறம் அதைச் சாக்கு வச்சு இறக்கிட்டாரு."

மீட்டரம்மா கதவின் பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். எந்தத் தேதியில் எந்த எண் இருந்தது என்று கதவு தனக்குள்ளேயே குறித்து வைத்திருக்கும். அது வாசக்காரருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

"கத்தின வாரம் பூரா எண்பதுதான். யாரும் ஏத்தல," என்றாள். "அப்புறம் ஒரு நாள் அம்பது. மறுநாள் நாப்பது. அதுக்கு மறுநாள் முப்பது. அதோட நின்னுடுச்சு."

பன்னிரண்டு பத்து. பாலிஷ் போடுகிற அக்காவைக் கூப்பிட்டாள். அவளுடைய முழங்காலுக்குள் ஆபரேஷனில் வைத்த உலோகத் தகடு இருக்கிறது.

"உங்களுக்குக் கதவு கூவுமா?"

"அது தினம் எனக்குப் பாடுற தாலாட்டாச்சே. கூவும், அண்ணன் சிரிப்பாரு, நான் காலைத் தட்டிக் காட்டுவேன், போவேன். இந்தப் பத்து நாளா அதுவும் இல்ல. முட்டி கரைஞ்சு போச்சோன்னு நினைச்சேன்."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அய்ய, எல்லாருக்கும் கத்துச்சு. வெறும் ஆளா வந்தவனுக்கும் கத்துச்சு. ஒருத்தருக்கு விட்டு ஒருத்தருக்கு. காத்தாட்டம் வந்துவந்து போகும்."

"ஆளே இல்லாம எப்பவாவது கூவுச்சா?"

அக்கா யோசித்தாள். "ஆளே இல்லாம அது எப்ப இருந்துச்சு? அதை உயிர்ப்பிக்கிறப்பவே நாங்க முப்பது பேர் முட்டிக்கிட்டு நிப்போம்."

மீட்டரம்மா கதவைச் சுற்றி வந்தாள். இந்தப் பக்கம் கூண்டறை, நாற்காலி, அதன் தலைக்கு மேலேயே பிளக் பாயிண்ட். அந்தப் பக்கம், கதவின் தூணுக்கு ஒரு முழம் தள்ளி, சுவர் ஓரம். அங்கே தரையில் தூசி படிந்திருந்தது, ஓர் இடம் தவிர. தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதிலிருந்து வாசலைச் சுற்றிப் பிளக் வரைக்கும் சுவரில் ஒயர் ஒட்டிய டேப்பின் தடம்.

"இங்க என்ன இருந்துச்சு அண்ணே?"

"ஃபேனும்மா. தலையாட்டுற ஸ்டாண்டு ஃபேன். கூண்டுக்குள்ள வெந்து சாகுறேன்னு தம்பி வாங்கியாந்து வச்சான். நம்ம சூப்பர்வைசர். நேத்து சாயங்காலம் பேரிங் சத்தம் போடுதுன்னு ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போயிருக்கான்." அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "இங்க வந்த ஒன்பது வருஷத்துல எனக்கு யாரும்மா ஒரு டம்ளர் தண்ணி வாங்கித் தந்தா. அவன் தினம் வந்து பத்து நிமிஷம் இந்த மேசை மேல உட்கார்ந்து பேசிட்டுப் போவான்."

"சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எனக்கென்ன, காது மந்தம்."

மீட்டரம்மா மீட்டரைக் கீழே வைத்தாள். அவளும் தனியாள்தான் கண்ணுகளா. பேச்சுத்துணைக்கு ஒருத்தர் கிடைத்தால் மனசு எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்டாள்.

"எண்ணைக் குறைக்கையில தம்பி பக்கத்துல இருந்தாரா?"

வாசக்காரர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாலை நான்கு ஐம்பது. அவள் சொன்னபடி முதலாளி ஆள் அனுப்பி, சூப்பர்வைசர் வீட்டிலிருந்து ஃபேனைக் கொண்டுவரச் செய்திருந்தார். சூப்பர்வைசரும் வந்து நின்றான். முப்பத்தைந்து வயது, சிரித்த முகம்.

"என்ன மீட்டரம்மா, எனக்கே காத்து வீசப் போறீங்களா?"

"ஆமா தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஃபேனை அந்த வட்டத்தில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. கதவை எண்பதுக்கு வைத்து உயிர்ப்பித்தாள். யாரையும் கிட்டே விடவில்லை. ஃபேனைப் போட்டாள்.

ஃபேன் அந்தப் பக்கம் திரும்பியது. கதவு சும்மா இருந்தது. இந்தப் பக்கம் திரும்பியது. கதவு கூவியது. மறுபடி போனது, மறுபடி வந்தது, மறுபடி கூவியது. நடுவில் ஒரு மனிதரும் இல்லை.

"மோட்டாரும் சுத்துற இரும்பும் பக்கத்துல இருந்தா இந்தக் கதவுக்குப் பித்துப் பிடிச்சுடும்," என்றாள் மீட்டரம்மா. "அஞ்சரைக்கு எப்பவும் ஆள் நடுவுல இருந்ததால, ஆளுக்குத்தான் கூவுதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. நேத்து ஃபேன் போச்சு. இன்னைக்குக் கதவு தானாக் குணமாச்சு. முதலாளி, மருந்து குடுக்காம எந்தக் காய்ச்சல் இப்படி இறங்கும்? காய்ச்சலே இல்லன்னு நீங்க நம்பணும், அண்ணன் பொய் சொல்றார்னு நம்பணும். அதுக்குத்தான் கணக்குப் பார்க்கிறதுக்கு முந்தி, நேத்தே எடுத்தது. பேரிங் எங்க சத்தம் போடுது, காதைக் குடுத்துக் கேளுங்க."

ஃபேன் பூனை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் சிரித்தான். "பாவப்பட்டு ஒரு ஃபேன் வாங்கிக் குடுத்தது குத்தமா? கதவுக்கு ஆகாதுன்னு எனக்கெப்படித் தெரியும்? எங்க வைக்கணும்னு தெரியாம வச்சுட்டேன்."

"அதைத்தான் நானும் மத்தியானத்துல இருந்து யோசிக்கிறேன்." மீட்டரம்மா நாற்காலியைக் காட்டினாள். "அண்ணன் உட்கார்ற இடம் இங்க. பிளக் அவர் தலைக்கு மேல. இங்கேயே வச்சிருந்தா ஒயரும் மிச்சம், காத்தும் நேரா முகத்துல படும். நீங்க சுவரைச் சுத்தி ஒயர் இழுத்து, டேப் ஒட்டி, கதவுக்கு அந்தாண்ட கொண்டுபோய் வச்சிருக்கீங்க. கதவுக்குள்ள பூந்து வந்துதான் காத்து அவருக்குக் கிடைச்சிருக்கு. வேர்க்கிறவருக்கு விசிறுறவங்க யாராவது அங்க நின்னு விசிறுவாங்களா தம்பி?"

ஃபேனின் காற்று கதவைத் தாண்டி வந்து வாசக்காரரின் நரைத்த முடியை லேசாகத் தொட்டது. கொஞ்சம்தான். அவர் அதை இப்போதுதான் கவனிக்கிறவர் போலக் கையை நீட்டிப் பார்த்தார்.

பிறகு பேசினார். குரல் உயரவில்லை.

"அம்பதுல நிறுத்தினேன். நீ பாக்கெட்ல சில்லறைய வச்சுக்கிட்டு நடந்து காட்டுன. கூவுச்சு. இன்னும் கத்துதே அண்ணேன்னு சிரிச்ச. மறுநாள் நாப்பது. அப்பவும் நடந்த. முப்பதுல கூவல. இதுலயே இருக்கட்டும்னு சொன்னது நீ. சின்னப் பிள்ளையாட்டம் விளையாடுறேன்னு நினைச்சேன். அது சில்லறையாப்பா?"

சூப்பர்வைசரின் சிரிப்பு அங்கேதான் போனது.

"காலையில இருந்து நான் இதைச் சொல்லல," என்றார் வாசக்காரர். "ஜெயிலுக்குப் போனாலும் போறேன், இதுல உன் பேரை இழுக்கக்கூடாதுன்னு இருந்தேன்."

ஐந்து பதினைந்து. அவன் ஒப்புக்கொண்டான். பேச உட்கார்ந்த சாக்கில் இழுப்பறையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து, இடுப்பில் துணிப்பை கட்டி, முதலில் கதவை அதற்கு ஏற்றபடி அடங்கவைத்து, பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோயிருக்கிறான். வெள்ளியில் பாதி அவன் வீட்டுப் பரணில் கிடந்தது. மீதி விற்றாகிவிட்டது.

முதலாளி வாசக்காரர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். மன்னிப்புத்தான். வாசக்காரர் தலையாட்டினார், காதில் வாங்கினாரா தெரியாது. எழுந்து போய் எண்ணை எண்பதில் அவரே வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

ஐந்தரை. ஆட்கள் வரிசையாக வந்து போனார்கள். கடைசியாக சூப்பர்வைசர், இரண்டு பக்கமும் முதலாளி அழைத்து வந்துசேர்ந்த இரண்டு போலீஸ்காரர்கள். கதவுக்கு முன்னால் அவனைத் தனியாக விட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். அன்றைக்கு அவனிடம் எதுவும் இல்லை. கதவு கூவவில்லை.

அவன் படி இறங்கும்போது, பழக்கதோஷம், வாசக்காரர் வாயில் வந்துவிட்டது.

"பார்த்துப் போப்பா."

சொல்லிவிட்டு அவர் வெகுநேரம் வாசலைப் பார்த்தபடியே நின்றார். மீட்டரம்மா கருவிப்பையைக் கட்டி முடித்திருந்தாள், ஆனாலும் கிளம்பவில்லை. அந்தக் கூண்டறையில் இருந்தது ஒற்றை நாற்காலி. அவள் பையை அதன் பக்கத்தில் தரையில் வைத்து, பையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போங்கள், நேரமாச்சு. உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வந்தாலும் நல்ல மனசோடு வரட்டும். உங்கள் வீட்டில் யாரும் சுவரைப் பார்த்துச் சாப்பிடாமல் இருக்கட்டும். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் குறைவில்லாமல் நிறைந்து வாழுங்கள்.