தும்பியைத் தொட்ட நாக்கு

“அய்யோ... என் தும்பி!”

அந்த அலறலில் ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

அலறியவள் பாறை ஆராய்ச்சிக்காரி. சதா கல்லை உடைத்துக்கொண்டே இருப்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் ‘சுத்தியல்’.

போலீஸ் ஜீப் வந்து நின்றது.

“செத்தது யாரு மேடம்?” இன்ஸ்பெக்டர் பரபரத்தார்.

“தும்பி சார். செத்து பன்னிரண்டு கோடி வருஷமாச்சு. காணாம போனது இன்னிக்குத்தான்!”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“எதிர்ல மலை இருக்கே... டைனோசர் காலத்துல அது நல்ல தண்ணி ஏரி சார். அடியில படிஞ்ச சேறுதான் பாறையாச்சு. அதுல சிக்கின தும்பி, றெக்கை நரம்பு கூட அழியாம கல்லுல பதிஞ்சிருக்கு. மலையைப் பாதுகாக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ண மதியம் அதிகாரிங்க வர்றாங்க. அதைக் காட்டினா மலை பிழைக்கும். இல்லேன்னா... குவாரிக்காரன் வெடி வச்சுடுவான்!”

சொல்லிக்கொண்டே தும்பி இருந்த அலமாரியைத் திறந்து காட்டினாள்.

அலமாரிப் பூட்டு உடையவில்லை. அவளைத் தவிர சாவி இருப்பது இருவரிடம். வாட்ச்மேன்... துறைத் தலைவர்!

உள்ளே இன்னொரு கல் கிடந்தது.

“இதோ இருக்கே தும்பி!”

“அது பிளாஸ்டர் நகல் சார். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அடிப்பக்கம் நக்கிப் பார்த்தாத்தான் தெரியும், பிளாஸ்டர் நாக்குல ஒட்டும். எங்க தொழில்ல கல்லை நக்காத ஆளே கிடையாது.”

“உவ்வே!”

அவள் போய் இருவரையும் அழைத்து வந்தாள். இன்ஸ்பெக்டர் நல்ல பிள்ளையாக அதே இடத்தில் நின்றிருந்தார்.

வாட்ச்மேன் நடுங்கினார். துறைத் தலைவர் வாயில் கைக்குட்டை. ஜலதோஷமாம்... சைகையில் சொன்னார்.

“ரெண்டு பேரும் நாக்கை நீட்டுங்க!” என்றாள் சுத்தியல்.

“எதுக்கும்மா?” வாட்ச்மேன் விழித்தார்.

“மிரட்டல் போன் வந்துச்சு. அதான் நகலை முன்னாடி வச்சு, அடிப்பக்கம் சாயப்பொடி தடவினேன். காஞ்சிருந்தா தெரியாது. எச்சில் பட்டா... ஊதா! லேசுல போகாது. நகலை விட்டுட்டு அசலைத் தூக்கினவன் கண்டிப்பா நக்கியிருப்பான்!”

வாட்ச்மேன் நீட்டினார். சுத்தமான நாக்கு.

துறைத் தலைவர் நீட்டவில்லை. ஓட்டம் பிடித்தார்!

வாட்ச்மேன் காலைக் குறுக்கே நீட்ட... தடால்!

கைக்குட்டை பறந்தது. உள்ளே... கத்தரிக்காய் நிறம்!

“குவாரிக்காரன்தான் ஆசை காட்டினான்...” விழுந்த இடத்திலேயே உளறினார்.

அவர் பையிலிருந்து தும்பி பத்திரமாக வெளியே வந்தது. சுத்தியல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். இனி மலைக்குப் பயமில்லை!

“ரொம்ப நன்றி சார்!”

இன்ஸ்பெக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் திரும்பி வந்ததிலிருந்து மனிதர் வாயையே திறக்கவில்லை!

“சார்... நாக்கை நீட்டுங்க.”

நீட்டினார்.

ஊதா!

“சும்மா... ஒரு ஆர்வத்துல... வீட்ல கேட்டா என்ன மேடம் சொல்றது?”

“தடயம் ஒண்ணு விடாம ருசி பார்த்தேன்னு சொல்லுங்க!”