முதலில் குறித்த ஊர்

ஸ்ரெல்லா சாவகச்சேரியில் ஒளிந்திருந்த வீட்டின் கதவை அவள் கணவன் யாகோப்பு உடைத்தான். அயலவர்கள் ஓடிவந்ததால் அவள் உயிர் தப்பினாள், கை முறிந்தது. அவள் முகவரி இருந்தது ஒரே இடத்தில்: பெண்களுக்கு வேலை தேடித்தரும் ஓர் இணையத்தளத்தில், ‘மறைக்கவும்’ என்ற குறியோடு.

மறுநாள் காலை, யாழ்ப்பாண நகரிலுள்ள அந்தத் தளத்தின் அலுவலகத்தில் முதலாளி கஜீபன், அங்கே வேலைசெய்யும் றஜிந்தன்மேல் பாய்ந்தான்.

“போனிலை பாத்தனான் எண்டு யாகோப்பு பொலிசிலை சொல்லியிருக்கிறான். நீயும் குருநகர், அவனும் குருநகர். நீதானே அனுப்பினனி?”

“நான் அனுப்பேல்லை.”

“பொய்! பொலிஸ் வரட்டும்.”

அங்கே ரூபி என்ற கணினி மொழியில் நிரலெழுதும் தயாளினிக்கு றஜிந்தனைப் பிடிக்காது. ஆனாலும் ஊரைச் சொல்லி ஒருவனைக் கள்ளனாக்குவது அவளுக்குப் பொறுக்கவில்லை. வெளியாள் போலத் தன் போனில் தளத்தைத் திறந்தாள். சாவகச்சேரி என்று தேடினாள். ஸ்ரெல்லா இல்லை.

“பாத்தியே? ரெண்டு ஊரைச் சேத்துத் தேடுற வசதியைப் போன கிழமை நானே எழுதினனான். அதுக்குப் பிறகும் ஒரு பிழை இல்லை” என்றான் கஜீபன்.

தயாளினி நிமிர்ந்தாள். சாவகச்சேரி, கொடிகாமம் இரண்டையும் குறித்தாள். ஸ்ரெல்லாவின் முகம் வந்தது, முகவரியோடு. கொடிகாமத்தில் ‘மறைக்கவும்’ குறி போட்டிருந்தவர்கள் வரவில்லை. ஊர்களை மாற்றிக் குறித்தாள். இப்போது குறி போட்டிருந்த கொடிகாமத்துப் பெண்கள் வந்தார்கள், ஸ்ரெல்லா மறைந்துவிட்டாள்.

நிரலைத் திறந்தாள்.

“கஜீபன் அண்ணை, தேடலிலை ரெண்டு நிபந்தனை இருக்கு. ஒண்டு, ‘இந்த ஊர் அல்லது அந்த ஊர்’. மற்றது, ‘மறைக்காத ஆள்’. நீங்கள் ரெண்டையும் ‘மற்றும்’ போட்டு அப்பிடியே ஒட்டிப்போட்டியள். தரவுத்தளம் ‘அல்லது’வுக்கு முதல் ‘மற்றும்’மைத்தான் பாக்கும். அதாலை மறைப்பு ரெண்டாவது ஊருக்கு மட்டுந்தான். முதலிலை குறிச்ச ஊரிலை ஒருத்தருக்கும் மறைப்பில்லை. ஒவ்வொரு நிபந்தனையையும் அடைப்புக்குறிக்குள்ளை போட்டுத்தான் சேத்திருக்கவேணும். யாகோப்பு போனிலை பாத்தது எங்கடை தளத்தை. அவளைக் காட்டிக்குடுத்தது நீங்கள்.”

கஜீபனின் குரல் இறங்கியது. “அடைப்புக்குறியைப் போட்டுவிடு பிள்ளை. வெளியிலை கதைக்காதை.”

அவள் அடைப்புக்குறிகளைப் போட்டாள். மறுபடி தேடினாள், எந்த வரிசையிலும் மறைந்தவர் ஒருவரும் வரவில்லை. பிறகு பொலிசுக்குப் போன் எடுத்தாள்.

“ஓம் ஐயா, முகவரி வெளியிலை போன வழி தெரிஞ்சிட்டுது. அந்தப் பகுதியை எழுதினவர் பக்கத்திலைதான் நிக்கிறார்.”

போனைக் கஜீபனிடம் நீட்டினாள்.

“கதையுங்கோ.”