காய வேண்டிய ஏரி

"வண்டிய நிறுத்துங்க."

டிராக்டருக்குக் குறுக்கே ஒருத்தி கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். எலோய் பிரேக்கை மிதித்தான். வற்றி வெளுத்த உப்பு ஏரியின் நடுவில், கோபத்திலும் இத்தனை அழகாய் இரண்டு கண்கள்... ஸ்பெயினின் லா மாஞ்சா வட்டாரம் முழுக்க முலாம்பழம் விற்றவன், இப்படிப் பார்த்ததில்லை.

"நாங்க காலங்காலமா போற வழி இது. வெறும் உப்பு. இதுல என்ன கெட்டுப்போச்சு?"

"நீங்க மிதிக்கிறது தூங்குற செடியை."

பெயர் காசில்டா. பாசிகளை ஆராய வலென்சியாவிலிருந்து வந்தவள். பாசிக்கு உறவான ஒரு சின்னச் செடி இந்த உப்புச் சேற்றில் வித்தாகக் கிடக்கும், மழையில் உப்பு நீர்த்ததும் முளைக்கும், ஏரி வற்றுவதற்குள் மறுபடி வித்தைச் சேற்றில் உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும், கோடையில் ஏரி காயத்தான் வேண்டும் என்று விளக்கினாள். அவன் பாதிதான் கேட்டான். மீதி நேரம் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் குளிர்காலம் நல்ல மழை. முழங்கால் தண்ணீரில் குனிந்து, பாவாடைக் கொசுவம் போல் சுருண்ட பச்சைத் துளிரை அவள் காட்டியபோது இருவர் தலையும் முட்டிக்கொண்டன. "பாசிக்காரி" என்றான். அவள் சிரித்தாள்.

கோடையில், மழையோடு திரும்பி வருவதாகச் சொல்லி ஊருக்குப் போனாள். ஏரி வற்ற வற்ற எலோய்க்கு மனசு கேட்கவில்லை. அவள் செடி காய்ந்து சாவதா... தோட்டத்துக் கிணற்று நீரை வாய்க்கால் வெட்டி ஏரிக்குத் திருப்பினான். முலாம்பழக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

திரும்பி வந்தவள் பார்த்தது நாணல் காட்டை. கோடையிலும் வற்றாமல் நின்ற நல்ல தண்ணீரில் உப்பு நீர்த்துப்போக, கரையோர நாணல் உள்ளே ஏறி மூடியிருந்தது. பச்சைத் துளிர் ஒன்றுகூட இல்லை.

"காயணும்னுதானே சொன்னேன்... யாரைக் கேட்டுத் தண்ணி விட்டீங்க?"

உனக்காகத்தான் என்ற சொல் தொண்டை வரை வந்தது. கூலியாட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாழாய்ப்போன ரோஷம் முந்திக்கொண்டது.

"என் கிணறு, என் தண்ணி. யாரைக் கேக்கணும்?"

அவள் போய்விட்டாள்.

வாய்க்காலை அன்றே மூடினான். நாணலைத் தானே அறுத்தான். சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் துளிர் தெரிந்தது. படமெடுத்து அனுப்பினான். அவள் வந்தாள், தண்ணீரில் இறங்கிப் பார்த்தாள். கண்ணில் அதே வெளிச்சம்... விரலில் கல்யாண மோதிரம்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? தூறலில் நின்றபடி எலோய் சொன்னான்.

"அன்னிக்குத் தண்ணி விட்டது உனக்காகத்தான். உன் செடி சாகக்கூடாதுன்னு நெனச்சேன்."

காசில்டா துளிரிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டேன், எலோய். ஊர் எல்லை தாண்டுற வரைக்கும் நீ பின்னால வர்றியான்னு திரும்பித் திரும்பிப் பாத்துட்டுத்தான் போனேன்."